அம்மாவின் ஓட்டுக்கு வழக்குப் போடும் முன், அப்பாவின் அட்டையைப் பாருங்கள்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். அம்மா அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். வாக்குச்சாவடியில் நான் கூடப் போய்ப் படித்துச் சொல்ல முயன்றபோது, "நீங்கள் இந்தக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வாக்காளர் இல்லை" என்று தடுத்துவிட்டார்கள். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று ஓர் ஊழியர் முணுமுணுத்தார். அம்மா ஓட்டுப் போடாமல் அழுதுகொண்டே திரும்பினார். கிரீன் கார்டில் இருக்கும் அப்பாவுக்குக்கூட வாக்காளர் அட்டை வீடு தேடி வந்தது. குடிமகளான அம்மாவுக்கு இந்த அவமானம்! இனப் பாகுபாடு என்று வழக்குப் போடலாமா?

பதில்: அந்த முணுமுணுப்பை விட்டுவிடுங்கள். கேவலமான பேச்சுதான். ஆனால் ஓர் ஊழியரின் ஒற்றை வாக்கியத்தை வைத்து இனப் பாகுபாட்டை நிரூபிப்பது நடக்காத காரியம். அது உங்களுக்குத் தேவையும் இல்லை. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தில் 1982இல் சேர்க்கப்பட்ட 208ஆவது பிரிவே போதும். வாக்குச்சீட்டின் மொழியைப் படிக்கவோ எழுதவோ இயலாத வாக்காளர், தனக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். தன் முதலாளி, தொழிற்சங்கம், அவர்களுடைய ஆட்கள் மட்டும் கூடாது. இதே டெக்சாஸில், வில்லியம்சன் கவுண்டியில் 2014இல் ஓர் இந்தியத் தாய்க்கு உதவப் போன மகனை இதே காரணம் சொல்லித் தடுத்தார்கள். மொழிபெயர்ப்பவர் அதே கவுண்டி வாக்காளராக இருக்க வேண்டும் என்ற மாநில விதி 208க்கு முரணானது என்று 2017இல் டெக்சாஸும் அடங்கிய ஐந்தாம் வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: "என் மகன்தான் வேண்டும்" என்று அம்மா கேட்டாரா? உரிமை அவருடையது, உங்களுடையது அல்ல.

என்னைக் கவலைப்பட வைத்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அப்பாவின் வாக்காளர் அட்டை. கிரீன் கார்டு இங்கே தங்கும் உரிமைதான், குடியுரிமை அல்ல. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும்போது படிவத்தில் வாக்காளர் பதிவுக்கான கட்டத்தை டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். பல குடும்பங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். பெருமையாக அட்டையை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருப்பார்கள். குடிமகன் அல்லாதவர் தன்னைக் குடிமகன் என்று அறிவித்துப் பதிவு செய்தால் நாடு கடத்தலுக்கே அது காரணமாகலாம், பெரும்பாலும் மன்னிப்பும் கிடையாது. ஓட்டே போட்டிருந்தால், டெக்சாஸில் 2 முதல் 20 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் என்-400 படிவத்தில், எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா என்ற கேள்வியும் வரும். நீங்கள் வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துப் பார்ப்பது உங்கள் முகவரியின் வாக்காளர் பதிவுகளைத்தான்.

அதனால் முதலில் அப்பாவின் கிரீன் கார்டு, அவர் கையெழுத்திட்ட படிவம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்குள் பயந்துபோய் நீங்களாகவே "பெயரை நீக்குங்கள்" என்று கடிதம் எழுத வேண்டாம். என்ன எழுதுவது என்பதை வழக்கறிஞர் சொல்லட்டும். குடியுரிமைச் சான்று கேட்டு கவுண்டியிலிருந்து கடிதம் வந்திருந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், கெடு 30 நாள்தான்.

அது முடிந்தபின் அம்மாவின் விஷயம். வழக்கு வேண்டாம், சமரசமாகப் போங்கள். நஷ்டஈடாகப் பெரிதாக எதுவும் கையில் வராது, செலவுதான் ஆகும். கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு 208ஐயும் அந்த 2017 தீர்ப்பையும் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் அனுப்பி, ஊழியர்களுக்குப் பயிற்சியும், அடுத்த முறை தடுக்க மாட்டோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதியும் கேளுங்கள். பெரும்பாலும் தந்துவிடுவார்கள். அடுத்த தேர்தலில் கூட்டமில்லாத முன்கூட்டிய வாக்குப்பதிவு நாளில் போங்கள். அம்மாவே கேட்கட்டும், நீங்கள் உதவியாளர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். யாருக்குப் போடுவது என்று மட்டும் நீங்கள் சொல்லிக்கொடுக்கக் கூடாது.