இன்ஸ்பெக்டர் வந்தால் நடுங்கிய வாத்தியார்

கேள்வி: எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் வழி வகுப்பு இருக்கிறது. ஆசிரியர்கள் ஒழுங்காகக் கற்பிக்கிறார்களா என்று எந்த அளவுகோலை வைத்துச் சொல்வது? தேர்ச்சி விகிதத்தைப் பார்த்துச் சம்பள உயர்வு கொடுத்தால் என்ன? நான் படித்த காலத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றாலே வாத்தியார் நடுங்குவார். இப்போது யாருக்குப் பயம் இருக்கிறது?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: வாத்தியார் நடுங்கினார், சரி. பிள்ளைகளுக்கு அதனால் என்ன கிடைத்தது? இன்ஸ்பெக்டர் வரும் நாளை உங்கள் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சுவருக்கு வெள்ளை அடித்திருப்பார்கள். நன்றாகப் படிக்கும் நாலு பேர் முன் பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். கேள்வியும் பதிலும் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தவை. திக்கித் திக்கி வாசிக்கும் பையனிடம் முந்தின நாளே “நாளைக்கு நீ வர வேண்டாம்” என்று சொல்லியிருப்பார்கள். இன்ஸ்பெக்டர் இளநீர் குடித்துவிட்டு, குறிப்பேட்டில் நல்லபடியாக நாலு வரி எழுதிவிட்டுப் போவார். வாத்தியார் யாருக்கு அதிகம் தேவைப்பட்டாரோ, அந்தப் பையன் அன்றைக்கு வீட்டில் இருந்தான்.

நீங்கள் சொல்லும் சம்பள யோசனையும் பழையதுதான். இங்கிலாந்தில் 1862-இல் அதை விதியாகவே கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் இன்ஸ்பெக்டர் சோதிப்பார். தேறாத பாடத்துக்குப் பள்ளியின் மானியத்தில் வெட்டு விழும். பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை முழுசாக உருப்போட்டார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிசகாமல் ‘வாசித்த’ பிள்ளைகளைப் பற்றி இன்றும் சொல்வார்கள். கவிஞர் மேத்யூ ஆர்னால்டு அப்போது பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தவர். அவரே இந்த முறையை எதிர்த்து எழுதினார். சென்னை மாகாணத்திலும் இதே மாதிரி மானியம் கொடுத்துப் பார்த்தார்கள். அப்புறம் நம் காலத்தில், அமெரிக்காவின் அட்லாண்டாவில் மதிப்பெண்ணைக் காட்டி நெருக்கியதும் ஆசிரியர்களே விடைத்தாள்களை அழித்துத் திருத்தினார்கள். 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. மாணவர் மதிப்பெண்ணில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவீதம்தான் என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-இல் சொன்னது. மீதியைப் பிடித்துவைத்து யாருடைய சம்பளத்தில் கழிப்பீர்கள்?

இதைப் படித்துவிட்டு ஆசிரியர் சங்கத்துக்காரர்கள் கை தட்ட வேண்டாம். மதிப்பீடே கூடாது என்று அவர்கள் சொல்வதை இதே பக்கத்தில் எதிர்த்திருக்கிறேன்; இன்னமும் எதிர்க்கிறேன். வகுப்புக்கே வராதவரையும் உயிரைக் கொடுத்துக் கற்பிப்பவரையும் ஒரே தட்டில் வைப்பது இரண்டாமவருக்குச் செய்கிற துரோகம்.

எதைப் பார்ப்பது? மூன்றாம் வகுப்பில் போய் உட்காருங்கள். 42-இல் 17 போனால் எவ்வளவு என்று கணக்கு. ஒரு சிறுமி 35 என்று எழுதுகிறாள். ஒரு ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து, 25 என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுப்பார். இன்னொருவர், “எப்படிம்மா வந்துச்சு?” என்று கேட்பார். “ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு” என்பாள் அவள். எது பெரிதோ அதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள். எந்த நாட்டுப் பிள்ளையும் செய்கிற தவறு. அந்த ஆசிரியர் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, நாலு கட்டும் ரெண்டு உதிரியும் அவள் முன்னால் வைத்து, “இதுல பதினேழு எடு” என்பார். ரெண்டு உதிரியையும் எடுத்த பிறகு அவள் கை நின்றுவிடும். கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, ஒரு கட்டை அவளே அவிழ்ப்பாள். அதுவரை ஆசிரியர் வாயைத் திறக்காமல் காத்திருக்கிறாரா? இதைத்தான் நான் பார்ப்பேன். மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2013-இல் ஆசிரியர்களுக்கென்று ஒரு மதிப்பீட்டுப் படிவம் தயாரித்தது. ஆசிரியர் தன்னைத்தானே எடைபோட்டுக்கொள்ளவும் அதில் இடம் உண்டு, நல்ல படிவம்தான். தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து நிரப்பினால் அந்த ஈர்க்குச்சி அதில் ஏறாது.

நீங்கள் தமிழ் வழி வகுப்பு என்று எழுதிவிட்டு, அதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விட்டீர்கள். அந்தச் சிறுமி விளக்கம் சொன்னது தமிழில். தமிழ் தெரியாத ஆசிரியருக்கு அவள் தவறு மட்டும்தான் தெரியும், அவள் யோசித்த வழி தெரியாது. கேரளத்தின் வட கோடியில் காசர்கோட்டில் கன்னடம் தெரியாதவர்களைக் கன்னட வழிப் பள்ளிகளுக்கு அனுப்பியபோது பெற்றோரும் பிள்ளைகளும் தெருவுக்கு வந்து போராடினார்கள். நம் பக்கத்தில் முணுமுணுப்போடு நிறுத்திக்கொள்கிறோம். 1956-இல் மாநில எல்லைகளை வகுத்த அதே ஆண்டில் அரசியலமைப்பில் 350ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்து கொடுக்க வேண்டும் என்கிறது அது.

உடனே “கேரளத்தில் இருந்துகொண்டு மலையாளம் படிக்கக் கசக்கிறதா?” என்று வழக்கமான கடிதம் வரும். கசக்கவில்லை ஐயா. பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கிய 2017 சட்டத்துக்கு முன்பே நம் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகாப் பிள்ளைகள் பஸ்ஸிலும் கடையிலும் மலையாளம் கற்றுக்கொண்டவர்கள். மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் கவிஞர் எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் குருமடம் சித்தூரில்தான் இருக்கிறது; அங்கே போய் நானும் கும்பிட்டிருக்கிறேன். மலையாளம் படிப்பது வேறு, கழித்தல் கணக்கே புரியாமல் நாலாம் வகுப்புக்குப் போவது வேறு.

அடுத்த பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் தேர்ச்சி விகிதத்தை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: தமிழ் வழிக்கு எத்தனை பணியிடம், அதில் எத்தனை பேருக்குத் தமிழில் பாடம் நடத்தத் தெரியும், காலியிடத்தை ஆள் தேர்வு செய்யும் பி.எஸ்.சி.க்குத் (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தெரிவித்தார்களா, தமிழ்ப் பாடப்புத்தகம் எந்த மாதம் கைக்கு வந்தது? ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகம் எழுத்தில் தரும் பதிலை எனக்கு அனுப்புங்கள். ஒரு வார்த்தை மாறாமல் இதே பக்கத்தில் அச்சிடுகிறேன்.