எம்.டி. அனஸ்தீசியா முதலாண்டு: தீசிஸ் தலைப்புக்கு முன் போட வேண்டிய கணக்கு

தீசிஸுக்கு (பட்டத்துக்கான ஆய்வுக்கு) எந்த மருந்தை எதோடு ஒப்பிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் தியேட்டர் பதிவேட்டை எடுத்து, உங்கள் மருத்துவமனையில் எந்த அறுவை சிகிச்சை வாரத்துக்கு எத்தனை நடக்கிறது என்று எண்ணுங்கள். படிப்பு மூன்று வருடம் என்றாலும், நோயாளிகளைச் சேர்க்கக் கைக்குக் கிடைப்பது ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை.

சிசேரியனுக்கு ஸ்பைனல் (முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது) கொடுத்ததும் ரத்த அழுத்தம் இறங்குவதை, முன்கூட்டியே ஐ.வி.யில் (நரம்பு வழியாக) போடும் வாந்தி தடுப்பு மருந்தான ஒண்டான்செட்ரான் 4 மி.கி. குறைக்குமா என்பது பலரும் எடுக்கும் தலைப்பு. 100 பேரில் 60 பேருக்கு இறங்குவது 40 ஆகக் குறையும் என்று எதிர்பார்த்தால், 80% பவருக்கு (உண்மையில் வித்தியாசம் இருந்தால் அதை ஆய்வு கண்டுபிடிக்கும் வாய்ப்பு), மருந்து பெறும் குழு, பெறாத குழு என ஒவ்வொரு குழுவுக்கும் ஏறத்தாழ 95 பேர் தேவை. இடையில் விடுபடுவோர் 10% என்று வைத்தால் 106; இரு குழுவுக்கும் 212. வாரம் எட்டு சிசேரியனில் நான்கு பேர் தகுதியோடு சம்மதித்தால் 53 வாரம். முடியும், ஆனால் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

சீனியர்கள் சொல்லும் ‘குழுவுக்கு 30 போதும்’ கணக்கை நம்பாதீர்கள். 60 பாதியாகி 30 ஆகும் அளவுக்கு மருந்து வேலை செய்தாலே 40 பேர் வேண்டும். முப்பது பேரில் வித்தியாசம் தெரியாவிட்டால், மருந்து பயனற்றது என்று எழுத முடியாது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஃபினைல்எஃப்ரின் போன்ற மருந்தை முன்கூட்டியே தொடங்குவதுதான் இன்றைய பரிந்துரை. அதை நிறுத்திவைத்து ஆய்வு செய்ய நெறிமுறைக் குழு எளிதில் ஒப்பாது. கொடுத்தால் அழுத்தம் இறங்குவோர் 20% ஆகலாம். அதை 10% ஆக்க முடியுமா என்று பார்க்கக் குழுவுக்கு ஏறத்தாழ 200 பேர். தலைப்பை மாற்றுவதா என்பதை இந்த இடத்திலேயே முடிவு செய்யுங்கள். ‘இறங்கியது’ என்றால் என்ன என்பதும் ப்ரோட்டோகாலில் (ஆய்வுத் திட்டத்தில்) இருக்க வேண்டும்: சிஸ்டாலிக் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) ஆரம்ப அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே, ஸ்பைனல் முதல் குழந்தை வெளிவரும் வரை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தது என்பது போல.

அடுத்தது வரிசை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பிறகு சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு, அதற்குப் பிறகே முதல் நோயாளி. 2018 ஏப்ரல் 1 முதல் சி.டி.ஆர்.ஐ. முன்பதிவை மட்டுமே ஏற்கிறது. பத்துப் பேரைச் சேர்த்துவிட்டுப் பதியப் போனால் அந்த வழி அடைபட்டிருக்கும். நல்ல இதழ்களும் கட்டுரையைத் திருப்பிவிடும். சம்மதத்தை முதல் நாள் மயக்கவியல் பரிசோதனையின்போது தமிழில் விளக்கி வாங்குங்கள், தியேட்டர் மேசையில் அல்ல. யார் எந்தக் குழு என்று குலுக்கல் முறையில் தீர்மானித்த எண் உள்ள உறை வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாததாக, வரிசை எண்ணோடு இருக்கட்டும். நோயாளியின் பெயரை மேலே எழுதிய பின்பே பிரியுங்கள். ஒண்டான்செட்ரானும், மற்ற குழுவுக்கு அதற்குப் பதிலாகத் தரும் சலைனும் (உப்புநீர்) ஒரே மாதிரி சிரிஞ்சில் 2 மி.லி. அளவில், ஆய்வில் சேராத ஒருவர் நிரப்ப வேண்டும். அழுத்தத்தைக் குறிப்பவருக்கு எது எதுவென்று தெரிந்தால் அளவீடு சாயும்.

ஐ.சி.யூ. தலைப்பு ஆசை இருந்தால், இறப்பு விகிதத்தை முதன்மை முடிவாக வைக்காதீர்கள். 2009-இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில் 6,104 நோயாளிகள். ரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு 81–108 மி.கி.க்குள் இறுக்கிப் பிடித்த குழுவில் 90 நாளில் 27.5% பேர் இறந்தனர். 180 வரை விட்ட குழுவில் 24.9%. இத்தனை சிறிய வேறுபாட்டைப் பிடிக்க அத்தனை பேர் தேவைப்பட்டார்கள். உங்களுக்குப் பொருந்துவது அளவீட்டு ஆய்வு: வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கும் முன் உதரவிதானத்தை அல்ட்ராசவுண்டில் அளந்து, மூச்சுக் குழாயிலிருந்து டியூபை எடுத்த 48 மணி நேரத்தில் மறுபடி போட நேர்ந்ததா என்று பார்ப்பது போல. இரண்டு பேர் தனித்தனியே அளந்து எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் சோதியுங்கள். மில்லிமீட்டர் கணக்கில் இது எளிதில் தவறும். நினைவில்லாத நோயாளிக்குச் சட்டப்படி ஏற்கத்தக்க உறவினர் கையெழுத்திடலாம். நினைவு திரும்பியதும் அவரிடமே மறுபடி கேட்க வேண்டும்.

எம்.டி.க்கு அடுத்த உயர்படிப்பான டி.எம். கிரிட்டிகல் கேர் (தீவிர சிகிச்சை) இடம் நீட் எஸ்.எஸ். போன்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில்தான் கிடைக்கும், தீசிஸுக்காக அல்ல. ஆசிரியப் பணியில் பதவி உயர வெளியான கட்டுரை வேண்டும். ஐ.சி.எம்.ஆரின் சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இணையவழியில் நடத்தும் அடிப்படை ஆராய்ச்சிப் படிப்பை முதலாண்டிலேயே முடித்துவிடுங்கள். ப்ரோட்டோகாலைச் சமர்ப்பிக்கும் முன் புள்ளியியலாளரைப் பாருங்கள். டேட்டா முழுதும் சேர்ந்த பிறகு போனால் அவரால் செய்ய முடிந்தது மிகக் குறைவு.