மழைக்கு முன்னால் அப்பாவை எப்படி இறக்குவது?

கேள்வி: அக்கா, பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறோம். அப்பா சில்வர் ஓக் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். ஆறு வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. தம்பிக்குக் காது கேட்காது. மழை வலுத்தால் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்து, 'பள்ளிக்கூட முகாமுக்குப் போங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ரோட்டுக்கு இறங்க எழுபது படி. போன வருடம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டோம். எங்களைப் பத்திரமாக இறக்கிவிடுங்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா, உதவி என்றுதான் கேட்க வேண்டுமா?

பதில்: உரிமைதான் தங்கச்சி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இல் 8-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. இயற்கைப் பேரிடரில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு மாற்றுத்திறனாளிக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது அது. உங்களுக்கு மிகவும் வேண்டியது அதன் 3-ஆவது உட்பிரிவு. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிந்து வைத்திருக்க வேண்டும். ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்க ஏற்பாடும் செய்ய வேண்டும். அந்த ஆணையத்தின் தலைவர் கலெக்டர். காது கேளாத பையன் இருக்கும் வீட்டுக்கு மைக்கில் மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அது தெரிவித்ததாக ஆகாது.

'மலை என்றால் மழை பெய்யத்தானே செய்யும்' என்று ஆபீஸில் யாராவது சொல்லக்கூடும். மழை பழையதுதான், அது கொட்டும் விதம்தான் மாறிக்கொண்டிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பிறகு ஒரே மூச்சில் இறக்கும். 2019 ஆகஸ்டில் நம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. உங்கள் ஊருக்கு அடுத்த வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை மழையில் நடந்த நிலச்சரிவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலநிலை மாற்றம் அந்த மழையைச் சுமார் 10 சதவீதம் வலுவாக்கியது என்று விஞ்ஞானிகள் கணித்தார்கள். அதே 2024-இல் உச்ச நீதிமன்றம் கானமயில் பறவை தொடர்பான வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படுவது அரசியல் சாசனத்தின் 14, 21-ஆவது பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று சொன்னது. தூங்கும்போது மண் சரிந்தால் எழுந்து ஓட முடியாதவருக்கு அந்த உரிமை மற்றவர்களைவிட முன்னதாக வேண்டும். நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சரி, செய்ய வேண்டியது. கலெக்டருக்கு ஒரு மனு எழுதுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் விஏஓவுக்கும் நகல் கொடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா, தம்பி இருவரின் அடையாள அட்டை எண், வீட்டிலிருந்து ரோட்டுக்கு எத்தனை படி, தூக்க எத்தனை பேர் வேண்டும், தம்பியின் செல்போன் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: 'எங்கள் பெயரைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததுமே, பகல் வெளிச்சத்தில், எங்களை முதலில் இறக்க வேண்டும். அதற்குப் பொறுப்பானவர் யார் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முகாமில் கட்டிலும், படி இல்லாத கழிப்பறையும், மின்சாரமும் வேண்டும்.'

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கும் அசையவில்லையென்றால் சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். அவர் பரிந்துரைத்தால், என்ன செய்தோம் என்று அந்த அலுவலகம் மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

மனுவை மே மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். உங்கள் கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனில் இறங்கிவிடும். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு ஐப்பசி மழைதான் பெரிய கவலை. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது அந்தப் பருவத்து மழைதான். அவர்கள் செப்டம்பருக்குள் கொடுத்தால் போதும்.

அப்புறம், அப்பாவின் உடம்பு. முகாமில் எல்லோரும் பாய் விரித்துத் தரையில் படுப்பார்கள். அவர் அப்படிப் படுத்தால் சில மணி நேரத்திலேயே படுக்கைப் புண் தொடங்கிவிடும், வலி தெரியாததால் யாருக்கும் தெரியாது. காற்று மெத்தை கரண்ட் போனால் உதவாது. தடிமனான ஃபோம் மெத்தை ஒன்று வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். சிறுநீர்க் குழாய், பை, மாத்திரை, அடையாள அட்டை நகல் எல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கதவோரம் எப்போதும் இருக்கட்டும். குளிர்கிறதே என்று காலுக்கு வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். தோல் வெந்து போனாலும் அவருக்குத் தெரியாது. நம் மலையில் இந்தக் காயத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பளியும் சாக்ஸும் போதும். மூடிய அறைக்குள் கரி அடுப்பு யார் வைத்தாலும் தடுத்துவிடுங்கள். அந்தப் புகை தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

தம்பிக்குச் செல்போனை வைப்ரேஷனில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். டவர் போய்விடும் என்பதால் அது மட்டும் போதாது. பக்கத்து லைனில் ஒருவர் நேரில் வந்து தோளைத் தட்டி எழுப்ப ஒத்துக்கொள்ள வேண்டும். டார்ச்சை இரண்டு முறை அணைத்துப் போட்டால் 'கிளம்பு' என்று இப்போதே பேசி வையுங்கள். தரையில் புது விரிசல், திடீரென்று இறுகும் கதவு, கலங்கி வரும் ஊற்று இவற்றைப் பார்த்தால் எச்சரிக்கைக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டு, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள்.

படியில் இறக்குவதை மழைக்கு முன்பே ஒருமுறை செய்து பாருங்கள். முதுகில் சுமந்து இறக்க வேண்டாம், கால் படியில் உரசிக் கிழிந்தாலும் அவருக்கு உணர்வு இருக்காது. இரண்டு மூங்கிலில் கனத்த கம்பளி கட்டி, மேலே ஃபோம் விரித்து, கால்களைச் சேர்த்துத் துணியால் கட்டி, ஷூ போட்டுவிடுங்கள். நான்கு பேர் தூக்கட்டும், இரண்டு பேர் மாற்றுக்கு நிற்கட்டும். எங்கே நிறுத்த வேண்டும், எந்தப் பக்கம் சாய்கிறது என்று அப்பாவே சொல்லட்டும். தூக்கிய ஆறு பேரின் பெயரையும் மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.