பக்கத்து வீட்டாரோடு நேர வங்கி: யார் கணக்கு முதலில் நின்றுபோகும்?

கேள்வி: எங்கள் தெருவில் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து, பணம் இல்லாமல் மணிக்கணக்கு வைத்து ஒருவருக்கொருவர் வேலை செய்துகொள்ள நினைக்கிறோம். குழாய் ரிப்பேருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் ஒரே மதிப்பா? சிலர் வாங்கிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது?

பதில்: ஒரே மதிப்புதான். அதில் மட்டும் கை வைக்காதீர்கள். குழாய் வேலைக்கு ஒன்றரை மணி என்று ஒருமுறை விட்டுக்கொடுத்தால், அடுத்தடுத்து எல்லா வேலைக்கும் பேரம் தொடங்கிவிடும். இந்த முறையைப் பரப்பிய அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் எட்கர் கான், 1980-இல் மாரடைப்பு வந்து படுத்திருந்தபோதுதான் இதை யோசித்தார். தன்னால் யாருக்கும் உபயோகமில்லையே என்ற எண்ணம் அவரை வாட்டியது. சந்தையில் விலை போகாத உழைப்புக்கும் சம மதிப்பு என்பது அங்கிருந்து வந்தது. அதற்கு முன்பே, 1973-இல், ஜப்பானில் டெருகோ மிசுஷிமா இப்படியொரு உழைப்பு வங்கியைத் தொடங்கியிருந்தார்.

வாங்கிக்கொண்டே இருப்பவர்களைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பத்து மணி நேரத்துக்கு மேல் பற்று கூடாது என்று வரம்பு வைத்தால் போதும். நான் பார்த்தவரை, நேர வங்கி படுத்துவிடுவது கேட்கத் தயங்குபவர்களால்தான். ஒரு குழுவில், தையல் தெரிந்த அம்மா ஒருவரின் பக்கத்தில் 23 மணி நேரம் வரவு, பற்றில் ஒன்றுமில்லை. அவர் வீட்டு வாசல் விளக்கோ இரண்டு மாதமாக எரியவில்லை. "ஒரு பல்பு மாட்ட ஆளைக் கூப்பிடுவதா?" என்று கூச்சம். எல்லோரும் இப்படிக் கொடுக்க மட்டுமே நின்றால், யாருக்குத்தான் செய்வது?

அதனால் முதல் கூட்டத்தில் 'உங்களுக்கு என்ன தெரியும்' என்பதோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் கிடப்பில் கிடக்கும் வேலைகளில் மூன்றை ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்குங்கள். செய்தவருக்கே திருப்பிச் செய்ய வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். நீங்கள் ஒருவருக்குத் தைத்துக் கொடுப்பீர்கள். உங்கள் பிள்ளைக்கு வேறொருவர் கணக்குச் சொல்லித் தருவார்.

கணக்குக்கு ஒரு நோட்டு போதும்: தேதி, செய்தவர், பெற்றவர், வேலை, நேரம். கால் மணி நேரத்துக்கும் குறைவாக எதையும் எழுத வேண்டாம். போய்வரும் நேரம் சேருமா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். பொருள் செலவு பெறுபவருடையது, அது பணமாகத்தான்.

போன் போட்டு ஆளையும் வேலையையும் இணைக்க ஒருவர் கட்டாயம் வேண்டும். அவருடைய நேரத்தையும் வரவு வையுங்கள். நியூசிலாந்தின் லிட்டெல்டன் ஊரில் 2005 முதல் நேர வங்கி நடந்துவந்தது. 2011 நிலநடுக்கத்தின்போது யாருக்கு என்ன தெரியும் என்பது கையில் இருந்ததால், உதவியை உடனே ஒருங்கிணைக்க முடிந்தது.

வயரிங், கேஸ் இணைப்பு மாதிரி வேலைகளை உரிமம் உள்ளவரைத் தவிர யாரிடமும் விடாதீர்கள். குழந்தையை ஒப்படைப்பதிலும் கவனம் வேண்டும். முதல் இரண்டு மூன்று தடவை நீங்களும் வீட்டில் இருங்கள்.