நாட்டின் மழைக் கணக்கை நம்பி ஏற்காட்டில் குத்தகை பேசலாமா?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “ஏற்காட்டில் வாழவந்தி பக்கம் மூன்று ஏக்கர் காபி, மிளகுத் தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறேன். ‘இந்த மாதம் நாடு முழுவதும் இயல்பைவிட அதிக மழை, இனித் தண்ணீர்க் கவலை இல்லை’ என்று செய்தியைக் காட்டி முன்பணம் கேட்கிறார் தரகர். தோட்டத்து மேஸ்திரியோ மழை போதவில்லை என்கிறார். யாரை நம்புவது?”

மேஸ்திரியை நம்புங்கள். தரகர் காட்டும் செய்தி பொய்யல்ல. ஆனால் உங்கள் தோட்டத்துக்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு.

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு மாதத்து மழையை 1971 முதல் 2020 வரையிலான 50 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுகிறது. அந்தக் கணக்கின்படி ஜூன் முதல் செப்டம்பர் வரை நாட்டின் இயல்பு மழை 87 செ.மீ. இது பரப்பளவை வைத்துப் போடும் சராசரி என்பதால், மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் கொட்டினால் எண் ஏறிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்காற்றைத் தடுத்துவிடும் மழை மறைவுப் பகுதியில் கிடக்கும் சேலம் காய்ந்தாலும் அது தெரியாது. 2023 ஆகஸ்டில் நாட்டின் மழை இயல்பைவிட 36 சதவீதம் குறைந்தது. 1901க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் இல்லை. ஆனால் பருவமழை இப்படி இடைவெளி விடும்போது அதன் காற்றழுத்தத் தாழ்வுப் பள்ளம், அதாவது மழையைத் திரட்டும் குறைந்த அழுத்தப் பட்டை, இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிடுவதால், தமிழகத்தின் உள் மாவட்டங்களில் மாலை நேர இடிமழை பெய்வது வழக்கம். நாட்டுக்குக் கெட்ட மாதம் நமக்கு நல்ல மாதமாகவும், நாட்டுக்கு நல்ல மாதம் நமக்கு வறண்ட மாதமாகவும் முடியலாம்.

மாவட்டக் கணக்கும் முழுத் துணை அல்ல. மாவட்டத்தில் 19 சதவீதம் வரை குறைந்தாலும் ‘இயல்பு’ என்றே அறிவிப்பார்கள். போதாததற்கு, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டையும் சங்ககிரியையும் மேட்டூரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த எண் அது. மலைக்கு மட்டுமான நீண்ட காலத் தினசரிக் கணக்கு வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் அளந்த மழையை மக்களுக்குத் தமிழில், ஊர்வாரியாக, கேட்காமலே கொடுப்பதற்கு என்ன தடையோ தெரியவில்லை.

இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். 2025 மே மாதம் நாட்டின் மழை இயல்பைவிட 106 சதவீதம் அதிகம் என்ற செய்தியைக் காட்டுவார்கள். மே மாதத்தின் இயல்பே சுமார் 6 செ.மீ.தான் என்பதைச் சொல்ல மாட்டார்கள். ‘மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டது’ என்பார்கள். அந்தத் தண்ணீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெய்ததல்ல. கைப்பேசிச் செயலி காட்டும் மில்லிமீட்டரும் பெரும்பாலும் கணினி மதிப்பீடுதான். உங்கள் வேலிக்குள் யாரும் மானி வைத்து அளந்ததில்லை. ஆண்டு மொத்தத்தைச் சொல்லி அசத்துவது இவை எல்லாவற்றையும்விட மோசம். காபிக்கு மார்ச், ஏப்ரலில் மொட்டுகளை மலரவைக்கும் பூ மழை ஓர் அங்குலம் அளவுக்கும், சில வாரங்கள் கழித்து இன்னொரு மழையும் வேண்டும். அவை தவறினால், நவம்பரில் எவ்வளவு கொட்டினாலும் தவறிய பூ திரும்பாது.

ஆகவே எஸ்டேட்டின் மழைக் கணக்கு நோட்டைக் கேளுங்கள், பத்தாண்டுகளுக்காவது. பழைய தோட்டங்களில் இஞ்சு, சென்ட் என்று எழுதியிருப்பார்கள். 100 சென்ட் ஓர் இஞ்சு, அதாவது 25.4 மி.மீ. மொத்தத்தை விட்டுவிட்டு மார்ச், ஏப்ரல் பக்கங்களைப் பாருங்கள். பத்தாண்டுக் கணக்கும் ஒரே பேனாவில், மடிப்பு விழாத தாளில், ஈரக்கறை ஒன்றுகூட இல்லாமல் இருந்தால், அது அண்மையில் உட்கார்ந்து எழுதியது.

இதில் ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. முந்தைய நாள் காலை 8.30 முதல் பெய்ததெல்லாம் மறுநாள் தேதியில் பதிவாகும். மே 31 இரவு பெய்த மழை ஜூன் கணக்கில் சேரும். ஜூன் 30 இரவு பெய்தது ஜூலைக்குப் போய்விடும். மாதக் கடைசியில் ஒரு பெருமழை வந்தால் இரண்டு மாதங்களின் சதவீதமும் மாறிவிடும். தோட்டத்து நோட்டிலோ, பெய்த தேதியிலேயே எழுதுபவர்களும் உண்டு. எனவே நோட்டும் அரசுக் கணக்கும் ஒரு நாள் தள்ளியிருந்தால் அதை மோசடி என்று எண்ணிவிடாதீர்கள். ஃபெங்கல் புயலின்போது ஏற்காட்டில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை 2024 டிசம்பர் 2ஆம் தேதிக் கணக்கில் இருக்கிறது. நோட்டில் அது 1ஆம் தேதியிலும் இருக்கலாம், 2ஆம் தேதியிலும் இருக்கலாம். மலைச்சாலையில் மண் சரிந்த அந்த மழை இரண்டு தேதிகளிலும் இல்லையென்றால், அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசவே வேண்டாம்.

நோட்டு சரியாக இருந்தாலும், தோட்டத்துக் கிணற்றை ஏப்ரலில் ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு, முன்பணத்தைத் தரகர் கையில் அல்லாமல் உரிமையாளரின் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள்.