செலினக்ஸை நிறுத்தினால்தான் தளம் திறக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் முற்பதிவுத் தளம். சிங்கப்பூரில் எடுத்த விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சேர்வர்), அதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான அல்மாலினக்ஸ் 9. கோப்புகளை ஏற்றியதும் 403 (அனுமதி இல்லை என்ற பிழை) வருகிறது. கோப்பு அனுமதி 755, உரிமையாளர் அப்பாச்சி (வெப் சேர்வர்), எல்லாம் சரி. செலினக்ஸ் என்ற லினக்ஸ் காவலின் தடுப்பை நிறுத்தும் ‘செற்என்போர்ஸ் 0’ கட்டளையை அடித்தவுடன் தளம் திறக்கிறது. சீசன் தொடங்கப்போகிறது, இப்படியே ஓடவிடலாமா?

விடாதீர்கள். முதல் காரணம் சாதாரணமானது: அந்தக் கட்டளை அடுத்த ரீபூட் வரைக்கும்தான். ஓகஸ்ட் மாதம் நடுச்சாமத்தில் சேர்வர் ரீபூட் ஆனால் அதே 403 திரும்ப வந்து நிற்கும், அப்போது நீங்கள் நித்திரையில் இருப்பீர்கள்.

இரண்டாவது காரணம் பெரியது. உங்கள் விடுதியில் தங்கும் வெளிநாட்டுக்காரரின் பாஸ்போர்ட் பிரதிகள் அந்தச் சேர்வரில்தானே கிடக்கின்றன? தளத்தின் பிஎச்பி நிரலில் உள்ள ஏதோ ஒரு ஓட்டையால் ஒருவன் உள்ளே வந்தால், அவன் எதுவரை போகலாம் என்பதைத் தீர்மானிப்பது செலினக்ஸ்தான்.

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்கு இது கெதியாக விளங்கும். கோயில் பிரட்றிக் கோட்டைக்குள் இருக்கிறது, கோட்டைக்குள்ளேயே இராணுவமும் இருக்கிறது. கோயிலுக்குப் போகிற வீதியால் யாரும் போகலாம். ஆனால் கோயிலில் உங்களுக்கு எவ்வளவு செல்வாக்கு இருந்தாலும் முகாம் கட்டடத்துக்குள் அது செல்லாது, ஏனென்றால் அந்த விதியைப் போட்டது கோயில் இல்லை. வழக்கமான லினக்ஸ் அனுமதியில் கோப்பின் உரிமையாளர்தான் யார் பார்க்கலாம் என்று சொல்கிறார், ரூட் (முழு அதிகாரமும் உள்ள கணக்கு) என்றால் கேள்வியே இல்லை. செலினக்ஸில் விதி லினக்ஸின் மையமான கேர்னலுக்குள் இருக்கிறது. வெப் சேர்வருக்கான எச்ரிரிபிடி_ரி என்ற வகைக்குள் ஓடும் புரோசஸ் ரூட்டாகவே ஓடினாலும் அந்த வகைக்கு எழுதியதைத்தான் செய்யலாம். (கோட்டை மான்கள் மட்டும் நினைத்த இடத்தில் மேயும். அந்த இனம் செலினக்ஸிலும் உண்டு, பிறகு வருகிறேன்.)

இனி உங்கள் 403. ‘ஓசேர்ச் -எம் ஏவிசி -ரிஎஸ் ரீசென்ற்’ என்று அடியுங்கள், செலினக்ஸ் அண்மையில் மறுத்ததை (ஏவிசி) அது காட்டும். நீளமான ஒரு வரி வரும், பயப்பட வேண்டாம், அதில் நான்கு இடத்தைப் பார்த்தால் போதும். ‘டினைட்’ என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள் என்ன செயல் மறுக்கப்பட்டது என்று இருக்கும், உங்களுக்கு அனேகமாக ‘ரீட்’ அல்லது ‘கெற்அற்றர்’. ‘எஸ்கொன்ரெக்ஸ்ற்’ கேட்டது யார்: எச்ரிரிபிடி_ரி. ‘ரிகொன்ரெக்ஸ்ற்’ எதைக் கேட்டது: நான் ஊகிப்பது யூசர்_ஹோம்_ரி. ‘ரிகிளாஸ்’ அது கோப்பா, அடைவா, சொக்கெற்றா என்று சொல்லும்.

யூசர்_ஹோம்_ரி என்பது கோப்பின் லேபிள், அதாவது செலினக்ஸ் அதில் ஒட்டிய வகைப் பெயர். அது எங்கிருந்து வந்தது? கோப்புகளை முதலில் உங்கள் ஹோம் அடைவில் ஏற்றி, பிறகு ‘எம்வி’ போட்டு வெப் அடைவுக்கு நகர்த்தியிருப்பீர்கள். ‘எம்வி’ பழைய லேபிளையும் சேர்த்துக் கொண்டுபோகும், ‘சிபி’ என்றால் போகிற இடத்தின் லேபிள் ஏறும். அனுமதி எண்கள் எல்லாம் வடிவாக இருந்தும் கதவு திறக்காததற்குக் காரணம் இவ்வளவுதான். வெப் அடைவின் மேல் ‘ரெஸ்ரோகொன் -ஆர்வி’ ஓடவிடுங்கள், லேபிள்கள் இருக்கவேண்டியபடி மாறும்.

இந்த இடத்தில்தான் கன பேர், மறுப்பு வரியைப் பார்த்து அனுமதி விதி எழுதித்தரும் ‘ஓடிற்2அலோ’ பக்கம் ஓடுகிறார்கள். எனக்கு அந்தக் கருவியோடு சண்டை இல்லை, அது தருவதை வாசிக்காமல் ஏற்றுகிறவர்களோடுதான் சண்டை. மேலே சொன்ன வரியை அதற்குக் கொடுத்தால், எச்ரிரிபிடி_ரி யூசர்_ஹோம்_ரி கோப்புகளை வாசிக்கலாம் என்று ஒரு விதி எழுதித்தரும். அதாவது ஒரு அடைவின் லேபிள் பிசகியதற்காக, சேர்வரில் உள்ள எல்லோருடைய ஹோம் அடைவுகளுக்கும் இருந்த அந்தத் தடையை எடுத்துவிடுகிறீர்கள். தளம் திறக்கும், உண்மைதான்.

பாஸ்போர்ட் பிரதிகளை வெப் அடைவுக்கு வெளியே, எஸ்ஆர்வி அடைவின் கீழ் வைத்தால் அங்கே எழுதவும் மறுக்கும். அதற்கு ‘செமனேஜ் எப்கொன்ரெக்ஸ்ற்’ மூலம் அந்த அடைவுக்கு மட்டும் எச்ரிரிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கொன்ரென்ற்_ரி என்று பதிந்து, பிறகு ரெஸ்ரோகொன். ‘சிஎச்கொன்’ போட்டும் மாற்றலாம், ஆனால் அடுத்த முறை யாராவது ரெஸ்ரோகொன் ஓட்டினால் போய்விடும். காசு வாங்கும் கேற்வேயோடு தளம் பேசவேண்டும் என்றால் அதற்கென்றே ஒரு சுவிச் உண்டு: எச்ரிரிபிடி_கான்_நெற்வேர்க்_கனெக்ற். ‘செற்செபூல் -பி’ என்று போடுங்கள். பெரிய ‘பி’ இல்லாவிட்டால் ரீபூட்டோடு சரி.

இதில் ஒரு ஓட்டை மிஞ்சுகிறது. வெப் புரோசஸ் எழுதி வாசிக்கும் அடைவை, வெப் வழியாக வந்த கள்ளனும் வாசிப்பான். ஆகவே பிரதிகளை வேறொரு சேவை சில நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, எச்ரிரிபிடி_ரி தொடமுடியாத லேபிள் உள்ள அடைவுக்கு மாற்றுவது நல்லது. மினக்கெட்ட வேலைதான். பாஸ்போர்ட் என்றால் மினக்கெடலாம்.

சரி, மான்கள். வட்ஸ்அப் செய்தி அனுப்ப நோட்ஜேஎஸ்-இல் எழுதிய ஒரு சேவை, சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்ரம்டி வழியாக ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ‘பிஎஸ் -ஈசற்’ அடித்துப் பாருங்கள், அது அன்கொன்பைன்ட்_சேர்விஸ்_ரி என்று காட்டும். செலினக்ஸ் ‘என்போர்சிங்’ (தடுக்கும் நிலை) என்று இருந்தாலும் அந்தச் சேவைக்குக் கட்டு எதுவும் இல்லை, அதற்கென்று யாரும் கொள்கை எழுதவில்லை. ‘செபொலிசி ஜெனரேற் --இனிற்’ ஒரு தொடக்கக் கொள்கை எழுதித்தரும். அந்தக் கோப்புக்குள் ‘பேர்மிசிவ்’ என்று ஒரு வரி இருக்கும். மறுப்புகளைப் பதிவுசெய்யும், தடுக்காது, பழக்குவதற்காக வைத்தது. சில நாள் ஓடவிட்டு, பதிவுகளை ஒவ்வொன்றாக வாசித்து, தேவையானதை மட்டும் சேர்த்தபின் அந்த வரியை எடுக்கவேண்டும். எடுக்காமல் மறந்த சேர்வர்களை நான் கண்டிருக்கிறேன்.

அவசரத்துக்கு எதையாவது தளர்த்தத்தான் வேண்டும் என்றால் முழுச் சேர்வரையும் தளர்த்தாமல் ‘செமனேஜ் பேர்மிசிவ் -ஏ எச்ரிரிபிடி_ரி’ போடுங்கள். அந்த ஒன்று மட்டும் தளரும், மற்றவை காவலில் இருக்கும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் இதே வேலையை அப்ஆர்மர் என்ற காவல் லேபிளுக்குப் பதிலாகக் கோப்புப் பாதையை வைத்துச் செய்கிறது, அங்கே தளர்த்துவதற்கு ‘ஏஏ-கொம்ப்ளெயின்’.

ரெஸ்ரோகொன் ஓடியபிறகும் 403 வந்தால் அந்த ஏவிசி வரியை வெட்டாமல் கீழே கருத்தில் போடுங்கள், பார்க்கிறேன். ஏவிசி வரியே வரவில்லை என்றால் முதலில் வழக்கமான அனுமதியைப் பாருங்கள், மேலே உள்ள அடைவு ஒவ்வொன்றையும் சேர்த்து. அது மறுத்தால் கேள்வி செலினக்ஸ் வரை போவதே இல்லை.