கடன் வழக்கும் தனி அலுவலகமும்: விசுவமடு அம்மா ஒருவருக்குப் பதில்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். உயர்தரம் எழுதப்போகும் மகள் ஆசிரியர் வேலையும் வேண்டாம், கச்சேரி (மாவட்டச் செயலக) வேலையும் வேண்டாம், சட்டம் படித்துக் கிளிநொச்சியில் தனியாக அலுவலகம் போட்டு வங்குரோத்து வழக்கு, அதாவது கடனைக் கட்டமுடியாமல் நொடித்துப்போனவர்களின் வழக்கு, மட்டும் பேசப்போகிறேன் என்று நிற்கிறாள். அப்பாவின் உழவு இயந்திரத்தை லீசிங்காரர் இழுத்துக்கொண்டு போன நாளிலிருந்து இந்த எண்ணம் அவளுக்கு. "இதில் சோறு கிடைக்குமா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வங்குரோத்து மட்டும் என்றால் வன்னியில் கிடைக்காது. கடன் வழக்கு என்று அகலமாக எடுத்தால் கிடைக்கும். ஆனால் முதல் மூன்று, நான்கு வருடம் வீட்டில் இருந்துதான் சோறு போகவேண்டும். அதற்கு நீங்கள் மனதைத் தயார்ப்படுத்த வேண்டும்.

ஏன் கிடைக்காது என்றால், தனி ஆளின் வங்குரோத்துக்கு எங்கள் நாட்டில் நடைமுறையில் இருந்துவந்தது 1853ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம். கடன்பட்டவர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, உள்ள சொத்தைக் கணக்குக் காட்டி ஒப்படைத்து, கடைசியில் சான்றிதழ் பெற்று விடுபடும் வழி அதில் இருக்கிறது. எங்கள் சனம் அந்த வழியால் போவது மிக அரிது. கம்பனிகளைக் கலைக்கும் வழக்குகள் 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் வரும். அவற்றில் பெரியவை கொழும்பு வணிக மேல்நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன. மகள் படித்து முடிக்கும்போது சட்டமே மாறியிருக்கவும் கூடும். அதனால் ஒரு சட்டத்தை மட்டும் நம்பிக் கடை திறக்கவேண்டாம் என்பதே என் கருத்து.

இனி வன்னியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கிளிநொச்சியில் கடன் வழக்குப் பார்க்கும் ஒரு சட்டத்தரணியின் அறையில் ஒரு காலைநேரம் இருந்திருக்கிறேன். ஒரு பெண் வந்து துணிக்கடைப் பையை மேசையில் கவிழ்த்தார். மூன்று குழுக்கடன் அட்டைகள், நகை அடகு வைத்த துண்டு, தம்பியின் ஓட்டோவுக்குப் பிணை நின்ற பத்திரம், அப்புறம் உடைக்காத ஒரு பதிவுத் தபால். அந்தத் தபால் சாமிப் படத்துக்குப் பின்னால் பல நாள் கிடந்ததாம். உள்ளே நீதிமன்றக் கட்டளை. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்கீழ் வங்கி வழக்குப் போட்டால், நீதிமன்றம் முதலிலேயே நிபந்தனைத் தீர்ப்பைக் கொடுக்கலாம். எதிராளி குறித்த நாளுக்குள் வந்து, எதிர்த்துப் பேச அனுமதி கேட்காவிட்டால் அது முடிந்த தீர்ப்பாகிவிடும். உடைக்காத தபாலால் தோற்கும் வழக்குகள் இவை. சட்டத்தரணி தபாலின் திகதியையும் சுவர்க் கலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்தப் பெண் கதிரையில் சாய்ந்து அழத் தொடங்கினார். உங்கள் மகள் தேடுவது இந்த வேலையைத்தான் என்று நினைக்கிறேன்.

இதற்குள் படிக்க நிறைய இருக்கிறது. அதே 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால், ஈடு வைத்த காணியை வழக்கே போடாமல் வங்கி ஏலம் விடலாம். பராட்டே என்று பேப்பரில் வருகிறதே, அதுதான். 2024இல் அதைக் கொஞ்சக் காலம் நிறுத்தியும் வைத்தார்கள். எங்கள் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. அதை நினைத்தபடி ஈடு வைக்க முடியாது. சனம் லீசிங்கையும் பிணையாளியையும் தேடிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். அனுமதிப்பத்திரக் காணியை உறுதிக் காணியாக, அதாவது முழு உரிமைப் பத்திரமுள்ள காணியாக, மாற்றிக்கொடுக்க 2024இல் உறுமய திட்டம் வந்தது. உறுதி கைக்கு வருவது நல்ல விடயம்தான், ஆனால் அதோடு ஈடு வைக்கும் வழியும் திறக்கிறது. இந்தக் காணிச் சட்டத்தையும் கடன் சட்டத்தையும் சேர்த்துப் படித்த ஆள் இங்கே தேவை. மகள் நொத்தாரிசாகவும் பதிவு செய்யட்டும். உறுதி எழுதி வரும் காசில்தான் தொடக்க காலத்தில் அறை வாடகை போகும்.

படிப்புக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை இருக்கிறது, கொழும்பிலும் பேராதனையிலும் இருக்கிறது. இடம் கிடைக்காவிட்டால் திறந்த பல்கலைக்கழகம், அல்லது நுழைவுத்தேர்வு எழுதிப் புதுக்கடைச் சட்டக் கல்லூரி. பட்டம் எடுத்தாலும் சட்டக் கல்லூரிப் பரீட்சையும் ஆறு மாதப் பயிற்சியும் முடித்துத்தான் உயர்நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகச் சத்தியம் செய்யலாம். எங்கள் நீதிமன்றங்களில் தமிழில் பேசலாம். முன்தீர்ப்புகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். இன்றிலிருந்தே ஆங்கிலம் வாசிக்கச் சொல்லுங்கள்.

சத்தியம் செய்த மறுநாளே பலகை மாட்ட விடாதீர்கள். ஒரு சீனியரிடம் மூன்று வருடமாவது நிற்கட்டும். தனியாக இருப்பவருக்கு ஒரே நாளில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வழக்குத் தவணை வந்தால் போக யாருமில்லை. மாறி நிற்க இன்னொரு சட்டத்தரணியோடு முன்கூட்டியே பேசி வைக்கவேண்டும். கட்சிக்காரர் வங்கிக்குக் கட்டச்சொல்லித் தரும் காசைத் தனிக் கணக்கில் போடவேண்டும், ஒரு நாளைக்கென்றாலும் சொந்தக் காசோடு கலக்கக் கூடாது. நல்ல பெயரோடு இருந்தவர்கள் இந்த ஒரு இடத்தில் விழுந்ததைக் கண்டிருக்கிறேன். கூலியைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பேசி, தவணை தவணையாக வாங்கலாம். கடன்பட்டவரிடம் வழக்கு முடிந்த பிறகு கேட்டால் அது இன்னொரு கடனாகிவிடும். உரக் கடைக்காரர், நெல் ஆலைக்காரர், கூட்டுறவுச் சங்கம் என்று கடன் கொடுத்தவர்களும் வருவார்கள். அந்த வழக்குகளையும் எடுக்கலாம். ஆனால் இங்கே எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். ஒரே கடனில் இரண்டு பக்கமும் நிற்க நேர்ந்தால் ஒரு பக்கத்தை விட்டே ஆகவேண்டும்.

உழவு இயந்திரத்தின் லீசிங் ஒப்பந்தம் உங்கள் அலுமாரியில் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை எடுத்து மகளிடம் கொடுங்கள். எத்தனை தவணை பிந்தினால் இழுக்கலாம், அறிவித்தல் எப்படித் தரவேண்டும், விற்ற காசு போதாவிட்டால் மிச்சத்தை யார் கட்டவேண்டும் என்பதைத் தேடிக் கொப்பியில் எழுதட்டும். பரீட்சை முடிந்ததும் அந்தக் கொப்பியோடு அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மூவருமாக இருந்து பார்ப்போம்.